இரண்டு பூட்டுகள்

மாட மாளிகையிலே வாழ்ந்தவர்கள் கோவலனும் கண்ணகியும். கலம் செலுத்திப் பொருள் குவித்த வணிகர் குடும்பம். காலம் மாறிற்று, கைப்பொருள் கரைந்தது, எஞ்சிய சிலம்பை நம்பி, கால் நோக நடந்து மதுரைக்கு வந்தார்கள். அன்று அவர்களுக்கு இடம் கொடுத்தவள் மாதரி, ஆயர் குலத்து மூதாட்டி. மாளிகை அல்ல அவள் கொடுத்தது. வேலி சூழ்ந்த சிறு மனை. செம்மண் பூசி, செம்மைப்படுத்தி, "இருங்கள்" என்றாள்.

முன்பணம் எவ்வளவு என்று மாதரி கேட்டதாக இளங்கோவடிகள் எழுதவில்லை. வந்தவர்கள் எதை உண்பவர்கள் என்று எண்ணிப் பார்த்தாள், அது உண்மை. விரட்டுவதற்காக அல்ல, விரதம் காப்பவர்களாயிற்றே, அவர்களுக்கு ஏற்ற உணவுக்கு வழி செய்வோம் என்பதற்காக!

அதே கோவலன் இன்று சென்னை மாநகருக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானளாவிய அடுக்குமாடி ஒன்றின் வாசலிலே நின்று, "வாடகைக்கு வீடு வேண்டும்" என்கிறான். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொண்டுவா என்பார்கள். சிலம்பை விற்கக் கடைவீதிக்குப் போக வேண்டிய தேவையே இராது. வாசலிலேயே இரண்டும் போய்விடும். போன பிறகாவது கதவு திறக்குமா? "நீங்கள் எந்த ஆட்கள்? என்ன சாப்பிடுவீர்கள்?" என்று அடுத்த கேள்வி கிளம்பும்.

இரண்டு பூட்டுகள், தோழர்களே! ஒன்று பணப் பூட்டு. மற்றொன்று பிறப்புப் பூட்டு. இரண்டையும் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

"ஆடம்பர வீட்டு வாடகை பற்றி நமக்கென்ன கவலை? அது சீமான்கள் பாடு" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. இராயபுரத்தில் பத்தடி அறையிலே படுப்பவன், திருவொற்றியூரில் கூரை ஒழுகுமோ என்று வானத்தைப் பார்ப்பவன், எண்ணூரில் வலையைத் தலைக்கு வைத்துத் தூங்குபவன் ஆகியோரைப் பற்றிப் பேச வேண்டிய ஏட்டிலே, நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள மாளிகை பற்றி ஏன் பேச்சு என்பார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த மாளிகை எழும்பும் மண் யாருடைய வியர்வையிலே நனைந்த மண் என்று தெரிந்தால், இந்தக் கேள்வி எழாது.

வடசென்னை என்றதும் மூக்கைச் சுளிக்கும் நாகரிகக்காரர்களுக்குச் சொல்கிறேன். தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் புறப்பட்டது எங்கிருந்து? அடையாற்றிலிருந்தா? இல்லை, இராயபுரத்திலிருந்து! அந்தப் பழைய நிலையம் இன்றும் நிற்கிறது, வரிசைத் தூண்களோடு. கோட்டைக்கும் கடலுக்கும் பக்கத்து ஊர் என்பதால், செல்வர்களும் வணிகர்களும் ஒரு காலத்திலே இங்கே குடியிருந்தார்கள். 1910-இல் எழுந்த பார்சி மக்களின் அக்கினிக் கோயில் இன்றும் இராயபுரத்திலே இருக்கிறது. பிறகு துறைமுகம் வளர்ந்தது, ஆலைகள் எழுந்தன, புகை படர்ந்தது. செல்வர் மேற்கே போனார், தெற்கே போனார். உழைப்பவன் இங்கேயே நின்றான்.

சிலப்பதிகாரம் புகார் நகரை இரண்டு கூறாக்கிக் காட்டுகிறது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். மீன் விற்போர், நெய்வோர், கொல்லர், தச்சர், கடல் கடந்து வந்த யவனர் எல்லாரும் கலந்து வாழ்ந்த இடம் அது. உள்ளே தள்ளி இருந்தது பட்டினப்பாக்கம். அரசனும் பெருஞ்செல்வரும் வாழ்ந்த வீதிகள். சென்னைக்கும் அப்படி இரண்டு கூறுகள் ஏற்பட்டுவிட்டன. நம்முடையது மருவூர்ப்பாக்கம். நகரத்துக்கு மின்சாரம் வேண்டுமா? நமது கரையிலே அனல் நிலையம். பெட்ரோல் வேண்டுமா? நமது மணலியிலே சுத்திகரிப்பு ஆலை. மீன் வேண்டுமா? நமது காசிமேடு. லாரி வேண்டுமா? 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியதே, அது நமது எண்ணூர். தீப்பெட்டி வேண்டுமென்றபோது அதையும் திருவொற்றியூர்தான் கொடுத்தது. அந்த ஆலையின் பெயர் இப்போது மெட்ரோ நிலையத்தின் பலகையிலே மிச்சமிருக்கிறது, விம்கோ நகர் என்று.

பெரம்பூர் பக்கம் போய்ப் பாருங்கள். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் நின்ற இடம் அது. அந்த ஆலைகளின் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவின் தொழிற்சங்க வரலாறு பேசுவோர் யாரும் அந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அதன் நடுவே சாதி புகுந்தது. தோளோடு தோள் நின்றவர்கள் எதிரெதிரே நின்றார்கள். புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன. சாதி புகுந்தால் சங்கம் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் இல்லை.

அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. சங்கு ஊதி ஊரை எழுப்பிய இடத்திலே அமைதி வந்தது. பிறகு அளவு நாடா வந்தது, வரைபடம் வந்தது, பளபளக்கும் விளம்பரம் வந்தது. தறி ஓடிய மண்ணிலே இன்று அடுக்குமாடிகள் ஓங்கி நிற்கின்றன. பூங்கா உண்டு, நீச்சல் குளம் உண்டு, வாயிற்காவலர் உண்டு. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது. 2021 பிப்ரவரி 14 முதல் விம்கோ நகர் வரை ஓடுகிறது. வண்டி வந்தது, நிலத்தின் விலையும் அதே வண்டியிலே ஏறி வந்தது!

கட்டிடம் உயர்வதைக் கண்டு நாம் கலங்கவில்லை. குடிசையிலேயே இருப்போம் என்று சபதம் செய்தவர்கள் அல்லர் நாம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருடைய மகள் பொறியாளர் ஆகியிருக்கிறாள். நூற்பாலையில் நின்றவருடைய பேரன் கணிப்பொறி நிறுவனத்திலே கை நிறையச் சம்பளம் வாங்குகிறான். அப்பனும் அம்மையும் மூச்சு வாங்காமல் ஏற மின்தூக்கி உள்ள வீடு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓட வேண்டாத வீடு, பிறந்த பகுதியிலேயே கிடைக்காதா என்று அவன் தேடுகிறான். தேடட்டும்! கல்வி கொடுத்தோம், வேலை பெற்றான். வீட்டு வாசலிலே மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

நிற்கத்தான் வைக்கிறார்கள். முதல் பூட்டைப் பாருங்கள்.

மாத வாடகை ஐம்பதாயிரம் ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத முன்பணம் என்றால் ஐந்து இலட்சம். அதோடு முதல் மாத வாடகை, தரகருக்கு ஒரு மாதத் தரகு, சாமான் ஏற்றும் வண்டி, மாதந்தோறும் தனியாகப் பராமரிப்புக் கட்டணம். சாவி கைக்கு வருமுன்னே ஆறு இலட்சம் வேண்டும். சம்பளம் வாங்குபவன் மாத வாடகையைக் கொடுத்துவிடுவான். ஆறு இலட்சத்தை மொத்தமாக எங்கே எடுப்பான்? பரம்பரையாகப் பணம் உள்ளவனுக்கு அது பெட்டியிலிருந்து வரும். முதல் தலைமுறையாகப் படித்து மேலே வந்தவனுக்கு அது வட்டிக்கடையிலிருந்து வரும். வாடகை ஒன்றுதான், வாசல் இரண்டு!

இந்தப் பூட்டைத் திறக்கச் சட்டம் இல்லையா? இருந்தது, இருக்கிறது. அதன் கதை சுவையானது.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. ஒரு மாதம்! சட்டப் புத்தகத்திலே ஒன்று; சென்னைத் தெருவிலே பத்து. புத்தகம் அலமாரியிலே தூங்கியது, தரகர் தெருவிலே விழித்திருந்தார்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே இன்னொரு வேடிக்கையும் இருந்தது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் போனால், அந்தக் குடியிருப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார்கள். 400 ரூபாய் கொடுக்க முடிந்தவன் வசதி படைத்தவன். அவனுக்கு எதற்குக் காவல் என்பது அவர்கள் எண்ணம். ஆண்டுகள் உருண்டன. விலைவாசி ஏறியது, வாடகை ஏறியது, 400 என்ற எண் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சாதாரண எழுத்தர் குடியிருந்த வீடும் அந்த எல்லையைத் தாண்டியது. காகிதத்திலே அவர் சீமான் ஆகிவிட்டார்! 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிவிலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாணயத்தின் மதிப்பு தேய்ந்துபோனதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

அந்தத் தீர்ப்பிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. இன்று ஆடம்பரம் என்று தோன்றும் வாடகை, நாளை நடுத்தரக் குடும்பத்தின் வாடகை. மேல்மாடியிலே ஏறும் வாடகை, அடுத்த ஆண்டு பக்கத்துத் தெருவுக்கும் இறங்கி வரும். "அங்கே அவ்வளவு கொடுக்கிறார்களே, இங்கே இவ்வளவாவது வேண்டாமா?" என்பது வரிசை வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி. ஆகவேதான் சொல்கிறேன், அது சீமான்கள் பாடு மட்டும் அல்ல.

பிறகு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்திலே இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். குடியிருப்பவரை மடக்கத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. நல்ல விதிகள்! முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது.

அப்படியானால் பத்து மாதம் பறந்துவிட்டதா? சில இடங்களில் ஆறாகவும் மூன்றாகவும் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முற்றிலும் போகவில்லை. ஏன்? அந்த விதியின் தலையிலேயே ஒரு சிறு சொற்றொடர் உட்கார்ந்திருக்கிறது. மாறான ஒப்பந்தம் இருந்தால் ஒழிய, மூன்று மாதத்துக்கு மேல் கூடாது! கதவைச் சாத்திவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதை. வீடு தேடி அலைபவன் கையிலே பேனாவைக் கொடுத்து, "பத்து மாதத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடு" என்றால், மறுக்கிற துணிவு அவனுக்கு உண்டா? பின்னாலே பத்துப் பேர் நிற்கிறார்களே! பசித்தவனும் பந்தி வைப்பவனும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் சமமான ஒப்பந்தம் ஆகுமா?

வீட்டுக்காரர்கள் எல்லாரையும் கொடியவர்கள் என்று நான் கூறவில்லை. ஓய்வுப் பணத்தைப் போட்டு ஒரே ஒரு வீடு வாங்கி, அதன் வாடகையிலே மருந்து வாங்கும் முதியவர்கள் உண்டு. குடியேறியவர் வாடகை தராமல் மடக்கிவிட்டால் என்ன செய்வது, வீட்டைப் பாழாக்கிவிட்டால் எங்கே போவது என்று அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். அதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. காலம் முடிந்தும் வெளியேறாதவர் இரு மடங்கு வாடகை தரவேண்டும். வாடகை நீதிமன்றம் உண்டு, தீர்ப்பாயம் உண்டு. அச்சத்துக்கு மருந்து சட்டத்திலே இருக்கும்போது, அடுத்தவன் சேமிப்பை ஆண்டுக்கணக்கிலே வட்டியில்லாமல் பிடித்து வைப்பது அச்சமா, ஆதாயமா?

அடுத்து, இரண்டாவது பூட்டு.

முதல் பூட்டையாவது கடன் வாங்கித் திறந்துவிடலாம். இதைத் திறக்கப் பணத்தால் ஆகாது. தொலைபேசியிலே பேசும்போது வீடு காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் "நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்பார்கள். முஸ்லிம் பெயரா? யோசித்துச் சொல்கிறோம். ஊர் எது, தெரு எது, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தோண்டுவார்கள். தனியாக வாழும் பெண்ணா? தகப்பனாரை அழைத்து வா. "சைவம் மட்டும்" என்ற நிபந்தனையோ, பலகையிலேயே எழுதித் தொங்கும். காசிமேட்டுக் கடற்காற்று அடிக்கும் நகரத்திலே, மீன் குழம்பு கொதிக்கக் கூடாதாம்! வலை வீசுபவன் வரி கொடுக்கலாம், வஞ்சிர மீனை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டலாம். அவன் மகன் வாடகைக்கு வந்தால் மட்டும் வாசனை வந்துவிடுகிறதா?

"என் வீடு, என் விருப்பம்" என்பார்கள். ஒரே கூரையின் கீழ் ஒண்டுக் குடித்தனத்துக்கு இடம் கொடுப்பவர் அப்படிச் சொன்னாலும் ஒரு பேச்சுக்குக் கேட்கலாம். இருபது மாடிக் கட்டிடத்திலே பதினேழாவது மாடியில் ஒரு வீட்டை வாங்கி, வெளியூரிலே உட்கார்ந்துகொண்டு, வாடகையை மட்டும் வங்கியிலே வாங்குபவர், அது என் வீட்டு அடுப்பங்கரை என்று சொல்வதிலே பொருள் உண்டா? அது வாணிபம். வாணிபத்துக்கு வந்த பிறகு வருணம் பார்க்கலாமா?

நமது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காட்டி எவரையும் தடுக்கக் கூடாத இடங்களை அது வரிசையாகச் சொல்கிறது. கடைகள் உண்டு, உணவகங்கள் உண்டு, விடுதிகள் உண்டு. கிணறும் குளமும் சாலையும் உண்டு. வாடகை வீடு என்ற சொல் அந்த வரிசையிலே இல்லை. ஒரே ஒரு சமூகத்தார் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி செய்துகொண்ட அகமதாபாத் வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கில், அந்த விதி செல்லும் என்றே 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஒரு நாள் தங்கும் விடுதியிலே சாதி கேட்டால் குற்றம். ஓராண்டு தங்கும் வீட்டிலே கேட்டால் வழக்கம்! இந்த முரண்பாட்டை எத்தனை நாள் சுமப்பது?

தெருவிலே நடக்கும் உரிமைக்காக வைக்கத்திலே போராடிய பெரியாரின் மண் இது. தெரு திறந்தது, திறந்த தெருவிலே எழுந்த மாடியின் வாசல் அடைபட்டால், அந்த வெற்றி பாதி வெற்றிதானே!

இன்னொன்றையும் மாடியிலே இடம் பிடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். உயர்ந்த வாடகை எதை வாங்கித் தருகிறது? சுவரை வாங்கித் தருகிறது, காவலரை வாங்கித் தருகிறது, நீச்சல் குளத்தை வாங்கித் தருகிறது. காற்றை வாங்கித் தருமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுதும் கறுத்தது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். அந்தக் காற்று வாயிற்காவலரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டா உள்ளே வரும்? பதினேழாவது மாடிக்கும் பத்தடி அறைக்கும் ஒரே காற்று. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரிலே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்று, 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே வடசென்னையில்தான் வானுயர்ந்த மாடிகள் விளம்பரமாகின்றன. மேலே இருப்பவன் சுவருக்குள்ளே ஒரு தனி நாடு அமைத்துக்கொள்ள முடியாது. கீழே இருப்பவனோடு சேர்ந்துதான் நல்ல காற்றையும் உறுதியான கட்டிடத்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

வாடகைக்குப் போகும் தோழர்களே, முதலில் உங்களுக்கு! வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். ஒப்பந்தத்தை எழுதுங்கள், பதிவு செய்யுங்கள், பதிவு எண் வாங்குங்கள். பராமரிப்புக் கட்டணம் யார் பொறுப்பு, வண்ணம் பூசும் செலவு யார் தலையில், காலி செய்யும்போது முன்பணத்தில் எதை எதைக் கழிப்பார்கள் என்பதெல்லாம் தாளிலே இருக்கட்டும். மூன்று மாதம் என்று சட்டம் சொல்வதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு. ஆயிரம் பேர் சொன்னால் அது ஊர் வழக்கம்.

அடுத்து, ஆட்சிப் பொறுப்பிலே இருப்பவர்களுக்கு, எவராயினும் சரி. முன்பண விதியின் தலையிலே உட்கார்ந்திருக்கும் அந்தச் சொற்றொடரை எடுத்துவிடுங்கள். மூன்று என்றால் மூன்றுதான். மாறான ஒப்பந்தம் செல்லாது என்று எழுதுங்கள். சாதி, மதம், உணவு காட்டி வாடகை வீடு மறுப்பது குற்றம் என்று அதே சட்டத்திலே ஒரு பிரிவு சேருங்கள். கிணற்றுக்கும் குளத்துக்கும் எழுதிய நீதியை வீட்டுக்கும் எழுதுங்கள். ஆலை நிலம் மாளிகை நிலமாக மாறும்போது, அந்த ஆலையை ஓட்டியவர்களின் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கும் வாடகையிலே ஒரு பங்கு வீடுகள் அதே மண்ணிலே இருக்க வழி செய்யுங்கள்; அவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் வண்டியேற்றி அனுப்புவது வழி அல்ல.

இராயபுரத்தின் பிள்ளை இரயிலேறிப் படிக்கப் போனான், பட்டம் பெற்றுத் திரும்பினான். பணம் கொடுக்கத் தயாராக நிற்கிறான். அவன் கேட்பது சலுகை அல்ல, சாவி.

கொடுக்க வேண்டிய கடமை சட்டத்துக்கு இருக்கிறது. கேட்டு வாங்கும் கடமை நமக்கு இருக்கிறது. கேட்போம்!